மௌனி இல்லாத நூலகம்

எங்கள் ஊரின் பெயரை ஆங்கில எழுத்துகளில் தட்டி இணையத்தில் தேடினால் பெரும்பாலும் இமயமலைதான் வந்து நிற்கும். பனி மூடிய சிகரம், கேதார்நாத் கோயில், யாத்திரைக்கான முன்பதிவு. விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில், நிலக்கடலையும் கரும்பும் விளையும் கெடார் அந்தப் பனிக்கு அடியில் எங்கோ புதைந்து கிடக்கும். தமிழில் தட்டினால் ஊர் உடனே கிடைத்துவிடும். கெ குறில், கே நெடில். நமக்கு ஐயமே எழாத இந்த வேறுபாடு ஆங்கில எழுத்துக்குப் போனதும் கரைந்துபோகிறது. பல ஆண்டுகள் இதை ஒரு வேடிக்கையாகவே நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். இதைப் போன்ற ஒரு கரைதல் ஒரு மாணவியின் ஆய்வைத் திசைமாற்றியது என்றும், அதற்கு நான் எழுதிய மென்பொருளும் ஒரு காரணம் என்றும் தெரிந்த பிறகு அப்படிச் சொல்வதை நிறுத்திக்கொண்டேன்.

2008-ஆம் ஆண்டு ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்கு இணையவழி நூலக மேலாண்மை மென்பொருள் எழுதும் வேலை எங்கள் சிறு குழுவுக்குக் கிடைத்தது. பல்கலைக்கழகத்தின் பெயர் இங்கே வேண்டாம். தவறில் பெரும்பங்கு எங்களுடையது.

இணையவழி என்பதற்கு அன்று ஒரு கவர்ச்சி இருந்தது. அதற்கு முன்னோடியாக நாங்கள் வியந்து பேசிக்கொண்டது கோஹாவைப் பற்றி. நியூசிலாந்தின் லெவின் என்ற சிறுநகரில் இயங்கிய ஹோரோவெனுவா நூலக அறக்கட்டளையிடம் இருந்த பழைய மென்பொருள், 2000-ஆம் ஆண்டு பிறந்தால் தேதிக் குழப்பத்தில் நின்றுவிடும் நிலையில் இருந்தது. புதியதை வாங்கப் பணம் போதவில்லை. காட்டிப்போ என்ற நிறுவனத்தை அமர்த்தித் தங்களுக்கென்றே ஒன்றை எழுதச் சொன்னார்கள். கிளை நூலகங்கள் சாதாரணத் தொலைபேசி இணைப்பின் வழியாகவே வேலை செய்யவேண்டும் என்பதால் அது வலைப்பக்கங்களாக அமைந்தது. 2000 ஜனவரியில் இயங்கத் தொடங்கியதும் அதை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். கோஹா என்றால் மவோரி மொழியில் கொடை. ஒரு சிற்றூரின் நெருக்கடி உலகத்துக்கான கொடையாக மாறிய கதை அது. கெடாரிலிருந்து கிளம்பி வந்த ஒருவனுக்கு அந்தக் கதை எப்படி இனித்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் பல்கலைக்கழகம் கோஹாவை விரும்பவில்லை. குஜராத்தில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நம் பல்கலைக்கழகங்களுக்காக உருவாக்கிய சோல் மென்பொருளையும் விரும்பவில்லை. 'நம்முடையது' என்று சொல்லிக்கொள்ள ஒன்று வேண்டும் என்றார்கள். எங்களுக்கும் அது வசதியாகவே இருந்தது.

தேவைகளைக் கேட்டறிய முதல் மாதம் முழுவதும் நூலகத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எந்த நூல் யாரிடம் இருக்கிறது, எத்தனை நாளாக இருக்கிறது, தண்டம் எவ்வளவு, ஆண்டிறுதிச் சரிபார்ப்பில் குறைவது எது. கேட்கப்பட்ட அறிக்கைகள் எல்லாமே இவைதாம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நூல் ஒன்று காணாமல் போனால் தணிக்கையில் பதில் சொல்லவேண்டியவர் நூலகர். சில இடங்களில் அந்தத் தொகை ஊழியரின் சம்பளத்திலிருந்தே போகும். அந்த அச்சத்தில் வாழ்பவர்கள் காவலுக்கான கருவியைத்தான் கேட்பார்கள். அக்செஷன் ரெஜிஸ்டர் என்று எல்லோரும் சொல்லும் சேர்க்கைப் பதிவேடுதான் அங்கே வேதம். சேர்க்கை எண் உள்ளது எதுவோ அதுவே நூல். இந்த வரையறையை நாங்கள் அப்படியே எங்கள் தரவுத்தளத்துக்கு எடுத்துக்கொண்டோம். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் விதை இதுதான்.

தமிழ்ப் பகுதியில் ஒரு நூலக உதவியாளர் இருந்தார். ஓய்வுபெற இரண்டு ஆண்டுகள் இருந்தன. பெரியவர் என்றே எல்லோரும் அழைத்தார்கள். யார் எதைக் கேட்டாலும் பட்டியலைப் பாராமலே எழுந்துபோய் எடுத்துவருவார். ஆசிரியர் பெயர் மறந்துபோய், "ஒரு கிழவரும் நாயும் வருவாங்களே, அந்தக் கதை" என்று கேட்டவர்களைக்கூட வெறுங்கையோடு அனுப்பமாட்டார். ஒருநாள் என்னிடம், "தம்பி, இந்தக் கார்டுப் பெட்டியெல்லாம் என்ன பண்ணப்போறீங்க?" என்று கேட்டார். கணினி வந்தபின் அது எதற்கு ஐயா என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இழுப்பறை ஒன்றை இழுத்து, விரல்பட்டு மூலைகள் துணிபோல் மெத்தென்று ஆகியிருந்த அட்டைகளைச் சற்றுநேரம் புரட்டிவிட்டு மூடினார்.

அட்டைகளிலிருந்து விவரங்களைத் தட்டச்சு செய்யும் வேலை, பதிவுக்கு இவ்வளவு என்று பேசி வெளியாட்களிடம் தரப்பட்டது. நூலகத்தில் ஏற்கனவே ஒரு பகுதி கணினியில் ஏறியிருந்தது. யுனெஸ்கோ இலவசமாக வழங்கிய சி.டி.எஸ்.ஐசிஸ் மென்பொருளில் தொண்ணூறுகளில் யாரோ உழைத்து ஏற்றியவை. அன்று தமிழ் எழுத்துக்கு அங்கே வழியில்லை. எல்லாம் ஆங்கில எழுத்தில், மேற்புள்ளி கீழ்க்கோடு ஏதும் இல்லாமல் இருந்தன. இன்னொரு பகுதி, பழைய தட்டச்சு எழுத்துரு ஒன்றில் தமிழாக இருந்தது. அதை ஒருங்குறிக்கு மாற்ற ஒரு மாற்றி எழுதினோம். மூன்று ஊற்றுகளும் ஒரே தரவுத்தளத்தில் சேர்ந்தன. 2009 ஆகஸ்ட் 12, இந்தியாவில் நூலகர் நாளாகக் கொண்டாடப்படும் ரங்கநாதனின் பிறந்தநாளில் திறப்புவிழா நடந்தது. அட்டைப் பெட்டிகள் மாடிப்படிக்கு அடியில் போயின.

சில மாதங்கள் கழித்து ஒரு சனிக்கிழமை மாலை விழுப்புரத்தில் ஊருக்குப் பேருந்து ஏறினேன். பக்கத்து ஊர்ப் பெண் ஒருவர் அருகே நின்றிருந்தார். அதே பல்கலைக்கழகத்தில் தமிழில் எம்.ஃபில். படிப்பவர், விடுதியிலிருந்து வீட்டுக்குப் போகிறார் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. நூலகத்தின் புதிய மென்பொருளை எழுதியது நான்தான் என்பதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. அவர் கொஞ்சம் தயங்கினார்.

"நல்லாத்தான் இருக்குங்க சார். ஆனா அங்க மௌனி இல்லீங்க."

மௌனி இல்லாமல் இருக்காதே என்றேன்.

"மூணு தடவை பார்த்துட்டேங்க. இல்லைன்னுதான் வருது. முதல்நூலே நம்ம நூலகத்துல இல்லைன்னா எப்படிம்மான்னு கைடு கேட்டாங்க. தலைப்ப மாத்திட்டேன்."

மணிக்கொடிக் காலத்தில் எழுத வந்து, இரண்டு டஜன் அளவிலான கதைகளோடு நின்றுவிட்டவர் மௌனி. அவருடைய பிற்காலம் சிதம்பரத்தில் கழிந்தது. எங்கள் பழைய தென்னார்க்காட்டு மாவட்டத்து ஊர்தான். அவர் இல்லாத தமிழ்த்துறை நூலகம் உண்டா? கெடார் நிறுத்தத்தில் இறங்கியபோது எனக்குக் கோபம்தான் இருந்தது. அந்தப் பெண் சரியாகத் தேடியிருக்கமாட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை நானே தட்டினேன். 'தேடிய நூல் இல்லை' என்று வந்தது. அந்த வாக்கியத்தை எழுதியவனும் நான்தான். பெரியவரிடம் போய்க் கேட்டேன். "மௌனியா? ரெண்டு படி இருக்குது தம்பி" என்று மூன்றாவது அலமாரியிலிருந்து எடுத்துவந்து வைத்தார்.

தரவுத்தளத்தின் உள்ளே போய்த் துழாவினேன். மௌனி அங்கே மூன்று பேராக இருந்தார்.

முதலாமவர், தொண்ணூறுகளின் பதிவில் ஆங்கில எழுத்தில் இருந்தார். 'ஔ' என்ற ஒலியை ஆங்கிலத்தில் எழுத ஆளுக்கொரு முறை உண்டு. தட்டியவர் ஒருமுறையில் எழுதியிருந்தார். தேடுபவர் வேறொன்றைத்தான் தட்டுவார். தமிழில் தேடுபவருக்கோ அவர் இல்லவே இல்லை.

இரண்டாமவர் தமிழில்தான் இருந்தார். திரையில் மௌனி என்றே தெரிந்தார். ஆனால் அவர் மௌனி அல்லர், 'மெளனி'. பழைய எழுத்துருக்கள் பலவற்றில் ஔகாரத்தின் வலப்பக்கக் குறிக்கும் ளகரத்துக்கும் ஒரே வடிவம், ஒரே விசை. எங்கள் மாற்றிக்கு இரண்டையும் பிரித்தறியத் தெரியவில்லை. ஆகவே மௌ, னி என்ற இரண்டெழுத்துப் பெயர் மெ, ள, னி என்ற மூன்றெழுத்துப் பெயராகிவிட்டது. கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. கணினிக்கோ இவ்விரண்டும் முன்பின் அறியாத இரு மனிதர்கள். 'கொ' என்பதை ஒரே உயிர்க்குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். இவை இரண்டும் ஒன்றே என்று ஒருங்குறி விதிகளில் இருக்கிறது, சமன்படுத்தவும் வழியுண்டு. ளகரம் புகுந்துவிட்ட ஔகாரத்துக்கு அப்படி எந்த விதியின் துணையும் இல்லை.

மூன்றாமவர் மணி, எஸ். என்ற பெயரில் இருந்தார். மௌனியின் இயற்பெயர். முன்பு ஏதோ ஒரு நூலகர் விதிப்படி இயற்பெயரில் பட்டியலிட்டிருக்கிறார்.

அப்படியானால் அட்டைகள் இருந்த காலத்தில் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? பெரியவரோடு மாடிப்படிக்கு அடியில் போய்ப் பெட்டியை இழுத்துப் பார்த்தோம். ம வரிசையில் ஓர் அட்டை இருந்தது. பழைய நீலமை, அழகான கையெழுத்து. மௌனி என்று எழுதி, அதன் கீழே 'காண்க: மணி, எஸ்.' என்று இருந்தது. அவ்வளவுதான். அந்த அட்டைக்குச் சேர்க்கை எண் கிடையாது. ஏனென்றால் அது எந்த நூலுக்கும் உரிய அட்டை அன்று. ஒரு பெயரிலிருந்து இன்னொரு பெயருக்கு வாசகனைக் கைப்பிடித்து அழைத்துப்போகும் அட்டை. சேர்க்கை எண் இல்லாததால் தட்டச்சு செய்தவர்கள் அதை விட்டுவிட்டார்கள். அவர்களுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தது நாங்கள். சேர்க்கை எண் உள்ளதுதானே நூல்?

அப்படி விடுபட்டவை ஒரு பெட்டி நிறைய இருந்தன. புதுமைப்பித்தனிலிருந்து விருத்தாசலத்துக்கு, சுஜாதாவிலிருந்து ரங்கராஜனுக்கு, சாமிநாதையரிலிருந்து சுவாமிநாத ஐயருக்கு. புனைபெயர்களும், தலைப்பெழுத்துகளும், ஒரே பெயரின் நான்கு எழுத்துக்கூட்டல்களும் நிறைந்த ஓர் இலக்கியத்துக்கு, பெயர் தெரியாத பல நூலகர்கள் பல ஆண்டுகளாகப் போட்டுவைத்த ஒற்றையடிப் பாதைகள் அவை. நாங்கள் அலமாரிகளைக் கணினிக்குள் கொண்டுபோனோம், பாதைகளை மாடிப்படிக்கு அடியில் போட்டுவிட்டோம்.

நூலகர் அறையில் ரங்கநாதனின் படம் மாட்டியிருந்தது. அன்றைக்கு அதை நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது. சீர்காழிக்காரர்; சென்னை மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியராக இருந்து 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானவர். சேர்ந்த புதிதில் அந்த வேலையின் வெறுமை தாங்காமல் ஆசிரியப் பணிக்கே திரும்ப நினைத்தவர். இங்கிலாந்து சென்று அங்குள்ள நூலகங்களைப் பார்த்துத் திரும்பியபின், வாசகர்கள் தாங்களே நூல்களை எடுத்துப் பார்க்கும்படி அலமாரிகளைத் திறந்துவிட்டார். வாசகரின் நேரத்தைக் காப்பாற்றுவதை 1931-ல் வெளியான தம் ஐந்து விதிகளில் ஒன்றாகவே வைத்தார். பூட்டுகளைக் கழற்றிய அந்த மனிதரின் பிறந்தநாளில்தான் நாங்கள் ஒரு புதிய பூட்டைத் திறப்புவிழா நடத்தி மாட்டியிருந்தோம்.

எனக்கு அப்போது புரிந்தது இதுதான். நூலக மென்பொருளில் தண்டம் தப்பாகக் கணக்கிடப்பட்டால் யாராவது சண்டைக்கு வருவார்கள், திருத்திவிடலாம். இரவல் பதிவு தவறினால் சரிபார்ப்பில் தெரிந்துவிடும். ஆனால் இருக்கும் நூலை இல்லை என்று சொல்லிவிட்டால் எந்த அறிக்கையிலும் அது வராது. கேட்டவர் பேசாமல் போய்விடுவார். மனிதர் 'இல்லை' என்றால், நன்றாகப் பாருங்களேன் என்று இன்னொருமுறை கேட்போம். கணினி 'இல்லை' என்றால் நம்பிவிடுகிறோம். முதல்தலைமுறையாகப் பல்கலைக்கழகத்துக்கு வந்து, வாய்திறந்து கேட்கவே கூச்சப்படும் பிள்ளைகள் இன்னும் வேகமாக நம்பிவிடுகிறார்கள்.

அடுத்த சில மாதங்கள் எங்களுக்கு யாரும் பணம் தராத வேலையில் போயின. முதலில் அகரவரிசை. ஒருங்குறியில் தமிழ் எழுத்துகள் பழைய இந்தியத் தரக்குறியீட்டின் வழியாகத் தேவநாகரி வரிசையை ஒட்டி அடுக்கப்பட்டவை. நகரத்தை அடுத்து னகரம், ரகரத்தை அடுத்து றகரம், கடைசியில் வகரம். மெய்யின் புள்ளியோ உயிர்க்குறிகள் எல்லாவற்றுக்கும் பின்னால். எண்களை மட்டும் நம்பி வரிசைப்படுத்தினால் 'பவள'த்துக்கு முன்னால் 'பழம்' வரும், 'அக்க'த்துக்கு முன்னால் 'அகம்' வரும். நம் அகராதிகளில் இரண்டுமே தலைகீழ். பட்டியலை விரலால் தடவிக்கொண்டே போகிறவர், இருக்கவேண்டிய இடத்தில் இல்லாததை இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வார். தமிழ் நெடுங்கணக்கைத் தனியாக எழுதி அதன்படி அடுக்கவைத்தோம்.

பிறகு தேடல். ஒவ்வொரு பெயருக்கும் தலைப்புக்கும் உள்ளே இன்னொரு நிழல் வடிவத்தைச் சேமித்தோம். அதில் ல, ள, ழ மூன்றும் ஒன்று. ந, ண, ன ஒன்று. ர, ற ஒன்று. குறில் நெடில் வேறுபாடு இல்லை. இரட்டித்த மெய் ஒற்றையாகும். ஔவும், அவ்வும், ளகரம் புகுந்த போலி ஔவும் ஒன்றே. ஆங்கில எழுத்தில் தட்டினாலும் அதே நிழலுக்கு வந்துசேரும். தமிழாசிரியர் ஒருவர் இதைக் கேட்டு மனம்நொந்தார். "ழகரத்தையே ஒழித்துவிட்டீர்களே!" திரையில் அல்ல, நிழலில் மட்டும்தான் என்று விளக்கினேன். மணம் தேடுபவருக்கு மனமும் சேர்ந்து வரும் என்பது உண்மையே. சரியாகப் பொருந்துவதை முதலில் காட்டி, மற்றவற்றைக் கீழே வைத்தோம். வேண்டாத இரண்டு நூல்கள் கூடுதலாக வருவதை வாசகர் மன்னிப்பார். வேண்டிய ஒன்று வராமல் போனதை அவர் அறியவே மாட்டார்.

கடைசியாகக் 'காண்க' அட்டைகள். அவற்றை வெளியாட்களிடம் தரவில்லை. பெரியவர் அட்டையைப் பார்த்துப் படிக்க, நான் தட்டினேன். அட்டையில் இல்லாத பாதைகளும் அவர் தலைக்குள் இருந்தன. "இவர் ரெண்டு புத்தகம் பொண்டாட்டி பேர்ல எழுதியிருக்காரு தம்பி", "இது அந்த நாவல்தான், மறுபதிப்புல தலைப்ப மாத்திட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே வருவார். ஒரு மாலை, தட்டிக்கொண்டிருந்தவனை நிறுத்தி, "இதத்தான் மொதல்லயே கேப்பீங்கன்னு நெனச்சேன்" என்றார். குற்றம்சாட்டும் குரல் அன்று. அதனால்தான் இன்றும் மறக்கவில்லை.

'தேடிய நூல் இல்லை' என்ற வாக்கியத்தையும் எடுத்துவிட்டேன். 'இந்த எழுத்துக்கூட்டலில் கிடைக்கவில்லை. தமிழ்ப் பகுதி உதவியாளரைக் கேளுங்கள்' என்று மாற்றினேன். பெரியவர் ஓய்வுபெற்ற நாளில் அவருக்கு அந்தத் திரையைக் காட்டினேன். மௌனி என்று ஒற்றை விரலால் மெதுவாகத் தட்டினார். மூன்று மௌனிகளும் ஒன்றாகி, இரண்டு படிகளும் மூன்றாவது அலமாரி என்று வந்தன. "சரியாச் சொல்லுது" என்றார்.

அந்தப் பெண்ணை ஓராண்டு கழித்து மறுபடியும் அதே பேருந்தில் பார்த்தேன். ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்டிருந்தார், வேறொரு தலைப்பு. மௌனி இருக்கிறார், எப்போதும் இருந்தார், தவறு என்னுடையது என்று சொன்னேன். "பரவாயில்லீங்க சார்" என்று சிரித்தார். பிறகு, "மௌனியப் பத்தி எழுதணும்னுதான் எம்.ஃபில். சேர்ந்தேன்" என்றார். கெடார் வரும்வரை இருவரும் வேறு எதுவும் பேசவில்லை.

அந்த மென்பொருள் இப்போது அங்கே பயன்பாட்டில் இல்லை. காலம் மாறியது, வேறொன்று வந்துவிட்டது. மென்பொருளின் ஆயுள் அட்டையின் ஆயுளில் பாதிகூட இல்லை. போகும்போது 'காண்க' கோப்பைத் தனியாக எடுத்துப் புதியவர்களிடம் கொடுத்துவிட்டு வந்தேன். சேர்க்கை எண் இல்லை என்று அதை விட்டுவிடாதீர்கள் என்று இரண்டுமுறை சொன்னேன்.

இன்றைக்கும் எந்த நூலகத்தின் தேடல் பக்கத்தைத் திறந்தாலும் முதலில் மௌனி என்று தட்டிப் பார்க்கிறேன். பிறகு ளகரம் போட்டு ஒருமுறை, ஆங்கிலத்தில் இரண்டு விதமாக, கடைசியாக மணி, எஸ். என்று. ஐந்துக்கும் ஒரே விடை தரும் இடங்கள் குறைவு. நீங்கள் செல்லும் நூலகத்திலும் ஒருமுறை இப்படிச் செய்து பாருங்கள். இல்லை என்று வந்தால் திரும்பிவிடாமல், அலமாரிவரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டு நூலகரிடம் சொல்லுங்கள். புத்தகம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.